எப்பவும் போல

டாக்டர் வாயை மூடச் சொன்னபோது அமலராணி கடைசியாகச் சொன்னது "அது முடியாதுங்க சார்" என்பதுதான். அதுவும் பாதி காற்றாகத்தான் வந்தது. திண்டுக்கல்லில் தொண்டைக்குப் பார்க்கிற அந்த டாக்டர் பொறுமைசாலி. மண்வெட்டி பிடித்த கையில் காய்க்கிற மாதிரி குரல்நாணில் காய்த்திருக்கிறது, ஓய்வு கொடுத்தால் தானாகக் கரையும், இல்லையென்றால் கத்தி வைக்க வேண்டியிருக்கும் என்றார். ஒன்றரை மாதத்துக்குப் பேச்சே கூடாது, குசுகுசுவென்றுகூடக் கூடாது. "தவக்காலம்னு நெனச்சுக்கம்மா" என்றான் மகன் ஆண்டனிராஜ். ஈஸ்டருக்கு முன்னால் வருகிற தவக்காலம் ஆடி மாதத்தில் எங்கிருந்து வந்தது என்று கேட்க அவளுக்கு வாய் துடித்தது. கேட்க முடியவில்லை.

நிலக்கோட்டைக்காரர்களுக்கு அமலராணியின் குரலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பூ மார்க்கெட்டில் கணவர் பாக்கியராஜோடு நின்று ஏலம் கேட்டு முறுக்கேறிய குரல் அது. பாக்கியராஜ் காலமான பிறகு மார்க்கெட்டை மகனிடம் விட்டுவிட்டு, வீட்டிலேயே ஆள் வைத்துக் கலியாணப் பூ கட்டிக் கொடுக்கத் தொடங்கினாள். கையிலே ஒரு பட்டன் போன். அந்தப் போனும் அந்தக் குரலும்தான் அவளுடைய கடை. பெயர்ப்பலகைகூட வைத்துக்கொண்டதில்லை.

அவள் ஆர்டர் எடுப்பதைக் கேட்பதற்கென்றே பூக்கட்டுகிற பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். சித்தையன்கோட்டையிலிருந்து சிவனம்மாள் கூப்பிடுவாள் என்று வையுங்கள். அங்கே பலசரக்குக் கடை வைத்திருப்பவள்.

"அக்கா, அடுத்த முகூர்த்தத்துல நம்ம வீட்டு விசேசம். எப்பவும் போல அனுப்பி விட்ருங்க."

"எப்பவும் போலன்னா? எந்த மகளுக்கு?"

"நடுவுலவளுக்கு."

"அவளுக்கு முடி கம்மின்ன. சவுரி வைப்பீகளா? சரி, நாத்தனாமாரு எத்தனை பேரு? போன தடவை ஒருத்தி பூப் பத்தலைன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாளே, அவ வாராளா?"

"வராம இருப்பாளா அக்கா!"

"அப்ப அவளுக்குன்னு தனியா ஒரு பந்து பூ வைக்கிறேன். சரி தாயி, நான் பாத்துக்கிறேன். வச்சிரு."

எந்த ஊரிலிருந்து யார் கூப்பிட்டாலும் பேச்சு அந்த மூன்று வார்த்தையில்தான் முடியும். நான் பாத்துக்கிறேன், வச்சிரு. பேகம்பூர் நூர்ஜஹானும் அப்படித்தான், நிக்காஹ்வுக்கு மாப்பிள்ளை முகத்தில் தொங்குகிற பூச்சரத்திலிருந்து பந்தல் பூ வரைக்கும் எல்லாவற்றையும் அமலராணி தலையில் போட்டுவிட்டு நிம்மதியாகப் போனை வைப்பாள். ஒருத்தராவது இத்தனை கிலோ என்று சொன்னதில்லை. சொல்ல அவர்களுக்குத் தெரியாது. அமலராணிக்கு அதில் உள்ளூரப் பெருமை, வெளியே சலிப்பு. "எப்பவும் போலயாம், எப்பவும் போல! நான் என்ன சோசியக்காரியா?" என்று போனை வைத்ததும் திட்டுவாள்.

இப்போது அந்தக் குரலுக்குப் பூட்டு. போன் அடித்தால் பாவி மனுசி எடுத்துப் பேசிவிடுவாள் என்று ஆண்டனிராஜ் அதை அணைத்து பீரோவுக்குள் வைத்துவிட்டான். ஆவணி முகூர்த்தங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. ஆர்டரை எப்படி வாங்குவது?

மருமகள் பிரிஸ்கில்லாதான் வழி சொன்னாள். திண்டுக்கல் டவுனில் பிறந்தவள், ஐரின் டீச்சர் மகள். வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு வெப்சைட் செய்கிற வேலை. கலியாணமாகி வந்த நாளிலிருந்து, பூவாசத்துக்கு நடுவே லேப்டாப்பை வைத்துக்கொண்டு தான் என்ன செய்கிறோம் என்பதை மாமியாருக்கு விளங்க வைக்க அவளுக்கு வாய்க்கவே இல்லை. இப்போது வாய்த்தது.

"நமக்குன்னு ஒரு பக்கம் போட்டுத் தாரேன் அத்தை. பேரு, ஊரு, போன் நம்பரு, தேதி, எத்தனை கிலோ. கட்டம் கட்டமா இருக்கும். அவங்க போன்ல திறந்து எழுதி அனுப்புவாங்க. எனக்கு மெயில்ல வந்துரும்."

அமலராணியின் கழுத்தில் ஐரின் டீச்சர் கொண்டுவந்து மாட்டிய சிலேட்டு தொங்கியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு வாங்குகிற அதே சிலேட்டு. அதில் அவள் எழுதினாள்: "கிலோ எழுதாம ஒருத்தரையும் விடாத. நம்பர் தவிர எதையும் வாங்காத."

"எழுத்துல எழுதுனாலும் வாங்கிக்கலாமே அத்தை?"

அமலராணி தலையை ஆட்டினாள். அதே வரியின் கீழ் இரண்டு கோடு போட்டாள். காரணம் இருந்தது. தான் குறுக்குக் கேள்வி கேட்க முடியாத நேரத்தில் யாராவது எதையாவது எழுதி, இந்தப் பிள்ளை ஏடாகூடமாக அனுப்பி, கலியாண வீட்டில் பேர் கெட்டுப்போனால்? கணக்கென்றால் கணக்காக இருக்க வேண்டும். அதோடு, ஆயுசுக்கும் கேட்டுச் சலித்த 'எப்பவும் போல'வை ஒருமுறையாவது வாசலுக்கு வெளியே நிறுத்திப் பார்க்கிற ஆசையும் இருந்தது.

மாமியார் சொன்னதை மீற மருமகளுக்கும் மனசில்லை. உண்மையைச் சொன்னால், கண்டிப்பான கட்டங்கள் செய்வது அவளுக்கும் பிடித்த வேலைதான். முடித்ததும் போனில் திறந்து காட்டினாள். பூக்கட்டுகிறவர்களில் மூத்தவளான புவனேஸ்வரி, மடியிலிருந்த வாழைநாரைத் தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"புவனாக்கா, கிலோக் கட்டத்துல எதாச்சும் எழுதுங்க."

புவனேஸ்வரி யோசித்து 'கொஞ்சம்' என்று எழுதினாள். அனுப்புகிற பொத்தானை அமுக்கினாள். அது அசையவில்லை. கட்டம் சிவந்தது. கீழே சிவப்பு எழுத்தில் வந்தது: 'தவறு. எண்ணில் மட்டும் எழுதவும்.'

"ஆத்தீ! இதை இங்கருந்து நீ பாத்துச் சொல்றியா?"

"இல்லக்கா. அவங்க பக்கத்தைத் திறக்கும்போதே இந்தக் கண்டிப்பும் கூடவே அவங்க போனுக்குள்ள இறங்கிரும். அங்கயே பாக்கும். சரியா இருந்தாத்தான் இங்க அனுப்பும். தப்புன்னா அங்கயே நிப்பாட்டிரும். நம்மகிட்ட வரவே வராது."

"வாசல்ல நாய் கட்டுன மாதிரி."

"ஆமா. நாய் நம்ம நாயி. ஆனா போயி அவங்க வாசல்ல உக்காந்துக்கிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். அமலராணிக்குச் சிரிப்பும் தடை. அவள் சிலேட்டில் எழுதினாள்: "நான் சண்டை போட வேண்டியதை இது போடுது. இருக்கட்டும்."

ஆண்டனிராஜ் தன் போனிலிருந்து எல்லா வாடிக்கை வீடுகளுக்கும் செய்தி தட்டினான். 'இனி பூ ஆர்டர் இதில் மட்டும்.' கீழே அந்தப் பக்கத்தின் முகவரி. மார்க்கெட்டுக்குக் கிளம்புகிற அவசரம். அம்மாவின் தொண்டையைப் பற்றி ஒரு வரி போட அவனுக்குத் தோன்றவில்லை.

அந்த ஆடிக்காற்று இருக்கிறதே, நிலக்கோட்டைச் சமவெளியில் அது வீசுகிற வீச்சுக்கு ஓட்டு வீட்டுக்காரன் தூங்க மாட்டான். கதவை ஒருக்களித்து வைத்தாலும் புழுதி உள்ளே வந்துவிடும். பூவுக்கு எதிரி வெயில்கூட இல்லை, காற்றுதான். மொட்டைக் கொட்டி ஈரத்துணி போர்த்தி, ஃபேனைப் போடாமல் வேர்க்க வேர்க்கக் கட்ட வேண்டும். ஆனால் கட்டத்தான் ஆர்டர் இல்லையே. கோவிலுக்குக் கொடுக்கிற சில்லறைச் சரத்தைக் கட்டி முடித்துவிட்டுப் பெண்கள் வெறுங்கையோடு உட்கார்ந்து தெருக் கதை பேசினார்கள். பிரிஸ்கில்லா மெயிலைத் திறந்து திறந்து பார்த்தாள்.

ஒரே ஒரு ஆர்டர் வந்தது. பெயர், ஊர், தேதி எல்லாம் முத்து முத்தாக. எத்தனை கிலோ? இரண்டு. பார்த்தால் ஐரின் டீச்சர்! சம்பந்தி வீட்டு வியாபாரத்துக்குக் கைகொடுப்போமே என்று ஏதோ ஜெபக்கூட்டத்துக்குப் பூ கேட்டிருந்தார். எந்த விண்ணப்பத்தையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்புகிற கை அது. அது வந்து சேர்ந்ததால் பக்கம் ஒழுங்காக வேலை செய்கிறது என்றும் உறுதியாகிவிட்டது. அப்புறம் ஒன்றும் வரவில்லை.

"நானா ஒவ்வொருத்தருக்கா போன் போட்டுக் கேக்கட்டுமாம்மா?" என்றான் ஆண்டனிராஜ்.

சிலேட்டில் பட்டென்று பதில் வந்தது. "கூப்பிடாத. வேணும்னா வருவாக."

ரோசக்காரி. ஆனால் ரோசம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஆவணி நெருங்க நெருங்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தொண்டைக்கு இதமாகக் குழைய வடித்து, கருவாட்டுக் குழம்பில் காரத்தைக் குறைத்து, வெஞ்சனத்துக்குக் கத்திரிக்காய் வதக்கி வைத்தாள் பிரிஸ்கில்லா. மார்க்கெட் முடிந்து மதியம் சாப்பிட உட்கார்ந்த ஆண்டனிராஜ், அம்மாவின் நல்லதுக்கு என்று நினைத்து, சொல்லக் கூடாததைச் சொன்னான்.

"விட்ருவோம்மா. ஆர்டர் எடுத்துக் கட்டுறதெல்லாம் இத்தோட போதும். மார்க்கெட் யாவாரம் ஒண்ணே நமக்குப் போதும். புவனாக்காவையும் மத்தவுகளையும் வேற எடம் பாத்துக்கச் சொல்லிருவோம். நீ பேசாம ரெஸ்ட் எடு."

பேசாமல் இருக்கிறவளைப் போய்ப் பேசாமல் இரு என்றான் அந்த மடையன். அமலராணி பாதிச் சோற்றோடு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனாள். செத்த நேரம் கழித்துப் பிரிஸ்கில்லா எட்டிப் பார்த்தபோது, பீரோவைத் திறந்து அந்தப் பட்டன் போனை எடுத்து முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆன் செய்யவில்லை. துடைத்து மறுபடி உள்ளே வைத்தாள்.

"அத்தை, அம்புட்டு வருசமா பழகுன சனம். மறந்துருவாங்களா?"

அமலராணி சிலேட்டைத் துடைத்துவிட்டு எழுதினாள். "எம் மூஞ்சி யாருக்குத் தெரியும்? அவுகளுக்குத் தெரிஞ்சது எஞ்சத்தம்தான். அது போச்சு."

பிரிஸ்கில்லாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாமியாரிடம் பயம் உண்டு, மரியாதை உண்டு. இத்தனை பிரியம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது.

சிவனம்மாள் வந்தது அதற்கு மறுநாள். பேருந்தை விட்டு இறங்கி விசாரித்துக்கொண்டு, ஒரு கையில் சிறுமலை வாழைப்பழச் சீப்பு, மறு கையில் போன், தலையெல்லாம் புழுதி. வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"அமலராணி அக்கா வீடு இதானா?"

புவனேஸ்வரி கையை நீட்டிக் காட்டினாள். சிவனம்மாள் அமலராணியை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவுகளா? சத்தத்தை வச்சு நல்ல ஒசரமான ஆளா இருப்பாகன்னுல நெனச்சேன்." சொல்லிவிட்டு, தான் கோபமாக வந்திருப்பது நினைவுக்கு வர, குரலை ஏற்றினாள். "நான் சித்தையன்கோட்டை சிவனம்மா. நான் என்ன தப்பு செஞ்சேன்னு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன். எம் மூத்தவ சடங்குல இருந்து ஒங்க பூதான். இப்ப நடுவுலவ வளைகாப்பு. வேணாம்னா வேணாம்னு சொல்லணும்க்கா. செவப்புல எழுதியா வெரட்டுவாக?"

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிரிஸ்கில்லாதான் எழுந்து வந்தாள். "யாரு வெரட்டுனா? எதைச் சொல்றீங்க?"

"இந்தா, பாரு!"

போனில் அவர்களுடைய பக்கம் திறந்திருந்தது. பெயர் இருந்தது, ஊர் இருந்தது, தேதி இருந்தது. எத்தனை கிலோ என்ற கட்டத்தில் 'எப்பவும் போல' என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே சிவப்பாக, தவறு.

"அமுக்கி அமுக்கிப் பாத்தேன், அசையல. சரி, வேற மாதிரி எழுதுவோம்னு 'போன தடவை மாதிரி'ன்னு எழுதுனேன். அதுவும் தப்புங்குது. 'அக்காவுக்குத் தெரியும்'னு எழுதுனேன். அதுவும் தப்பாம்! ஒங்களுக்குப் போன் போட்டா அதுவும் அணைஞ்சு கெடக்கு. எனக்கு ரோசம் வந்திருச்சு. எங்க தெருவுல அம்புட்டுப் பேருக்கும் இதே கதைதான். மகன் பெரிய கம்பெனி ஆக்கிட்டான், கிலோக் கணக்கு சொல்ற பெரிய எடம்தான் வேணுமாம், நம்மளயெல்லாம் கழிச்சுவிட்டாகன்னு பேசிக்கிறாக. பேகம்பூர்ல எங்க கடைக்குச் சரக்கு போடுறவரு வீட்டம்மா, நூர்ஜஹான், அவுகளும் இதையே சொல்லி வருத்தப்பட்டாக. மத்தவுக ரோசப்பட்டு வீட்டுல இருந்துக்கிருவாக. என்னால முடியாது. நேர்ல கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

பிரிஸ்கில்லா அந்தச் சிவப்பு எழுத்தையே பார்த்தாள். தான் எழுதிய வார்த்தை. அனுப்புகிற பொத்தான் அசையாததால் ஒருத்தர் வந்த சுவடுகூட இங்கே தெரியாமல் போனது.

"அத்தை..." என்றாள். "எல்லாரும் வந்திருக்காங்க அத்தை. வந்து வந்து திரும்பிப் போயிருக்காங்க. யாரும் ஒங்கள மறக்கல."

"நம்ம நாயிதான் கடிச்சிருச்சா?" என்று வாயில் கைவைத்தாள் புவனேஸ்வரி.

"என் தப்பு. நான்தான் அப்படி எழுதிவச்சேன்."

அமலராணி சிலேட்டை எடுத்தாள். "நாயைக் கட்டச் சொன்னது நான்" என்று எழுதி, மருமகள் கண்ணுக்கு நேரே பிடித்தாள். பிறகு சிவனம்மாள் பக்கம் திருப்பினாள்.

"என்ன நாயி? அக்கா ஏன் வாயத் திறக்க மாட்டேங்குறாக? எம்மேல கோவமா?"

புவனேஸ்வரி சொன்னாள். தொண்டை, டாக்டர், ஒன்றரை மாதம் எல்லாவற்றையும், கொஞ்சம் தன் சரக்கையும் சேர்த்துச் சொன்னாள். கேட்கக் கேட்க சிவனம்மாளின் கோபம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. பழச் சீப்பைக் கீழே வைத்துவிட்டு அமலராணியின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அட என் தெய்வமே! ஒண்ணும் தெரியாமப்போச்சே. கிலோ கேக்குறதுக்குக் கட்டம் போட்டீகளே, அக்காவுக்கு ஒடம்பு சரியில்லைன்னு ஒரு கட்டம் போடக் கூடாதா?"

மார்க்கெட்டிலிருந்து அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிய ஆண்டனிராஜ், விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டான்.

புவனேஸ்வரி காப்பி போடப் போனாள். பிரிஸ்கில்லா பூச் சாக்குக்குப் பக்கத்திலேயே பாயில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள்.

"தேதியும் போன் நம்பரும் மட்டும் சரியா இருக்கணும் அத்தை. அந்தக் கண்டிப்பு இருக்கட்டும். கிலோவுக்கு எடுத்துர்றேன். என்ன வேணாலும் எழுதட்டும், சும்மாகூட விடட்டும். ஆனா அந்த எடத்துல எதாச்சும் ஒரு வார்த்தை வரணும். இல்லாட்டி சேந்துச்சா இல்லையான்னு அவங்களுக்குத் தெரியாது. 'தவறு'ங்கிற எடத்துல என்ன போட?"

அமலராணி சுண்ணக்கட்டியை எடுத்தாள். ஒரு வரி எழுதினாள். பிரிஸ்கில்லா அதைப் படித்தாள், மாமியார் முகத்தைப் பார்த்தாள், தட்டத் தொடங்கினாள். சிவப்பை எடுத்துவிட்டுப் பச்சை வைத்தாள்.

ஆண்டனிராஜ் எல்லோருக்கும் மறுபடி செய்தி அனுப்பினான். இந்தத் தடவை நீளமாக, அம்மாவின் தொண்டையில் தொடங்கி மன்னிப்பில் முடித்தான். காப்பி ஆறுவதற்குள் லேப்டாப் மணியடிக்கத் தொடங்கியது. பிரிஸ்கில்லா வாசித்தாள்.

"பேகம்பூர் நூர்ஜஹான். எத்தனை கிலோங்கிற கட்டத்துல, 'எப்பவும் போல. பனங்கல்கண்டும் மிளகும் வாயில அடக்கிக்கங்க அக்கா, துவா செய்றோம்'னு எழுதியிருக்காங்க. இந்தா, இன்னொண்ணு. வத்தலக்குண்டு மலர்விழி. 'எப்பவும் போல, கூட ரெண்டு மாலை, பேசாதீங்க.'"

அமலராணி இன்னொரு தரம் வாசி என்று கையைக் காட்டினாள். வாசித்தாள். இன்னொரு தரம் என்றாள். தான் ஆயுசுக்கும் திட்டித் தீர்த்த வார்த்தை அது. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் தோன்றாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அடியே, எல்லாரும் குடுக்குறாக, வந்து உக்காந்திருக்கிற நான் இன்னும் குடுக்கலயே!" என்று சிவனம்மாள் அவசரமாகப் போனை எடுத்தாள். பக்கத்தைப் புதிதாகத் திறந்து, பெயர், ஊர், நம்பர், தேதி எல்லாம் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள். கிலோக் கட்டத்தில் பிடிவாதமாக அதையே எழுதினாள். எப்பவும் போல. பயந்துகொண்டே பொத்தானை அமுக்கினாள்.

கட்டம் பச்சையானது. கீழே ஒரு வரி வந்தது. சிவனம்மாள் அதை எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தாள்.

"சரி... தாயி. நான்... பாத்துக்கிறேன். வச்சிரு."

படித்தவள் போனை அப்படியே தூக்கிக் காதில் வைத்துக்கொண்டாள். அமலராணி பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள், வாய் மூடித்தான் இருக்கிறது. ஆனாலும் வைத்துக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை.

"அக்கா பேசிருச்சுடி" என்றாள் புவனேஸ்வரியிடம்.

பிரிஸ்கில்லாவின் மடியில் மணி அடித்தது. "ஒங்களது வந்திருச்சு. அத்தை, இவங்களுக்கு எம்புட்டுப் போடட்டும்?"

அமலராணி சிலேட்டை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். வேகமாக எழுதி, சிவனம்மாளின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"அந்த மூஞ்சியத் தூக்குன நாத்தனா வாராளா?"

சிவனம்மாள் காதிலிருந்து போனை எடுக்காமலே சொன்னாள்.

"வராம இருப்பாளா அக்கா!"